டீம்ஸில் புதிய குழுவுக்கு ஒப்புதல் முறை: படிவம் முதல் பூட்டு வரை

ஒரு நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து அங்குள்ள குழுக்களின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். 'சோதனை', 'சோதனை 2', 'கணக்கு', 'கணக்குப் பிரிவு', 'கணக்குப் பிரிவு புதியது', 'கணக்குப் பிரிவு இதுதான் சரியானது'. கடைசிப் பெயரை நான் புனையவில்லை. ஒரு காலத்தில் நான் பராமரித்த பட்டியலில் அது இருந்தது. சரியானது எது என்று கேட்டபோது அந்தப் பிரிவிலேயே இரண்டு பதில்கள் வந்தன.

இதற்கு ஊழியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த மாற்றமும் செய்யாமல் விட்டால், நிறுவனத்தின் எல்லா ஊழியர்களும் குழு தொடங்கலாம் என்பதுதான் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஏற்பாடு. ஒருவர் ஒரு குழுவைத் தொடங்கும்போது அரட்டைக்கு ஓர் அறை மட்டும் பிறப்பதில்லை. பின்னணியில் ஒரு மைக்ரோசாஃப்ட் 365 குழு, அதற்கான அஞ்சல் பெட்டி, நாட்காட்டி, கோப்புகளுக்கு ஒரு ஷேர்பாயிண்ட் தளம் என்று ஒரு குடும்பமே பிறக்கிறது. யாரும் கவனிக்காத குழுவில் ஒரு சம்பளப் பட்டியல் கிடந்தால், அது கிடப்பது யாரும் கவனிக்காத ஒரு ஷேர்பாயிண்ட் தளத்தில்தான்.

இந்த வழிகாட்டி அதைச் சீர் செய்வதற்கானது. ஊழியர் படிவத்தில் விண்ணப்பிப்பார். தேவைப்பட்டால் ஒருவர் ஒப்புதல் தருவார். குழு தானாக உருவாகும். விண்ணப்பங்களைச் சேர்க்க ஷேர்பாயிண்ட் பட்டியல், வேலைகளைத் தானாக நடத்த பவர் ஆட்டோமேட், ஊழியர் கணக்குகளையும் உரிமைகளையும் நிர்வகிக்கும் கோப்பகமான என்ட்ரா ஐடி ஆகிய மூன்றும் இதற்குப் போதும். ஒரு விஷயத்தை மட்டும் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் கிடைக்க மூன்று நாள் ஆகுமென்றால், உங்கள் ஊழியர்கள் மூன்று நிமிடத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுவார்கள். அங்கே போன கோப்பை உங்களால் திரும்பப் பெற முடியாது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் "இது ஆளைக் காக்க வைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குழு தொடங்கும் உரிமையைக் கட்டுப்படுத்துவதற்கும், பெயர் விதிக்கும், காலாவதி விதிக்கும் என்ட்ரா ஐடி பி1 உரிமம் தேவை. அது பல பெரிய திட்டங்களோடு சேர்ந்தே வரும்; சிறு நிறுவனங்களுக்கான சில திட்டங்களில் வராது. முதலில் இதைச் சரிபாருங்கள். பாதி வேலை முடிந்தபின் தெரிந்தால் மனம் நொந்துபோகும்.

அடுத்து ஒரு சேவைக் கணக்கு, அதாவது ஆளுக்கென்று இல்லாமல் தானியங்கி வேலைகளுக்கென்றே வைக்கும் கணக்கு. ஒப்புதல் ஃபிளோ (பவர் ஆட்டோமேட்டில் கட்டும் தானியங்கி வேலைத்தொடர்) எந்த ஒரு மனிதரின் பெயரிலும் ஓடக் கூடாது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். என் சொந்த அனுபவம் அது.

படி 1: இருப்பதை எண்ணுங்கள்

டீம்ஸ் நிர்வாக மையத்தில் குழுக்களை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போனால் ஒவ்வொரு குழுவுக்கும் எத்தனை உரிமையாளர்கள், உறுப்பினர்கள், விருந்தினர்கள் (நிறுவனத்துக்கு வெளியே இருந்து சேர்க்கப்பட்டவர்கள்) என்று தெரியும். மைக்ரோசாஃப்ட் 365 நிர்வாக மையத்தின் பயன்பாட்டு அறிக்கைகளில் ஒவ்வொரு குழுவும் கடைசியாக இயங்கிய தேதி கிடைக்கும். இரண்டையும் எக்ஸெல்லில் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

தேட வேண்டியவை மூன்று வகைக் குழுக்கள். உரிமையாளரே இல்லாதவை, ஒரே ஓர் உரிமையாளர் உள்ளவை, விருந்தினர் இருந்தும் மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காதவை. இவற்றை இப்போதே அழித்துவிடத் தோன்றும். வேண்டாம். இந்தப் பட்டியலின் இன்றைய பயன் வேறு: உங்கள் நிறுவனத்தில் எதற்காகக் குழு தொடங்குகிறார்கள் என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். துறைக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று, ஆண்டுவிழாவுக்கு ஒன்று என்று நான்கைந்து வகைக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். அந்த வகைகள்தான் பிறகு படிவத்தில் தேர்வுகளாக வரப் போகின்றன.

படி 2: யார் 'சரி' சொல்வது?

கருவியைத் தொடும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இங்கே தடுமாறுகிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

வழக்கமான யோசனை, "விண்ணப்பிப்பவரின் மேலாளர் ஒப்புதல் தரட்டும்" என்பது. கேட்க நியாயமாகத் தோன்றும். நடப்பதோ வேறு. மேலாளர் கைப்பேசியில் அறிவிப்பைப் பார்ப்பார். தன் ஆள் கேட்கிறான், கொடுத்தால் என்ன என்று பச்சைப் பொத்தானை அழுத்துவார். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பத்தில் பத்துக்கும் 'சரி' சொல்லும் ஒப்புதல், ஒப்புதல் இல்லாததைவிட மோசம். ஏதோ சரிபார்க்கப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையை மட்டும் அது ஏற்படுத்திவிடுகிறது.

இன்னொரு யோசனை, "எல்லாவற்றுக்கும் ஐடி பிரிவே ஒப்புதல் தரட்டும்" என்பது. கொள்முதல் பிரிவுக்கு இந்தக் குழு தேவையா என்று ஐடி பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? அவரும் அழுத்தத்தான் போகிறார், என்ன, கொஞ்சம் தாமதமாக.

நான் பரிந்துரைப்பது இரண்டு வழிகளை. நிறுவனத்துக்குள்ளேயே புழங்கும் குழு, ரகசியத் தகவல் இல்லை, இரண்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், பெயர் மோதவில்லை: இந்த நான்கும் பொருந்தினால் மனித ஒப்புதலே வேண்டாம். ஃபிளோ தானே ஒப்புதல் அளித்து உருவாக்கட்டும். வெளியாட்கள் வருகிறார்கள், அல்லது வாடிக்கையாளர் விவரம், ஊதியம், ஒப்பந்தம் போன்றவை உள்ளே வரும் என்றால் மட்டும் ஒரு மனிதரிடம் போக வேண்டும். அந்த மனிதர், அந்தத் தகவல் வெளியே போனால் பதில் சொல்ல வேண்டியவர். ஊதியம் என்றால் மனிதவளத் துறைத் தலைவர். வாடிக்கையாளர் தகவல் என்றால் அந்தக் கணக்கைப் பார்ப்பவர். இப்படிச் செய்தால் ஒப்புதல் தருபவரிடம் போகும் விண்ணப்பங்கள் குறையும். குறைவாக வருவதை அவர் படித்தும் பார்ப்பார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆளைக் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் இது புரியும். எத்தனை நாளுக்குள் பதில் என்பதையும் எழுத்தில் முடிவு செய்யுங்கள். இரண்டு வேலை நாள் என்பது என் அளவுகோல்.

படி 3: படிவம்

மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் அழகாகப் படிவம் செய்யலாம். ஆனாலும் நான் ஷேர்பாயிண்ட் பட்டியலையே எடுப்பேன். காரணம், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பத்தி (அட்டவணையின் நெடுவரிசை). ஃபார்ம்ஸில் உரிமையாளரின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னால் 'குமார்' என்று எழுதுவார்கள். எந்தக் குமார்? பட்டியலின் நபர் பத்தியில் கோப்பகத்திலிருந்து ஆளைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். விண்ணப்பத்தின் முழு வரலாறும் அதே இடத்தில் நிற்கும் என்பது இன்னொரு லாபம்.

என்னென்ன கேட்பது? குழுவின் பெயர். எதற்காக என்று ஒரே வரி. வகை, அதாவது முதல் படியில் கண்டுபிடித்த அந்த நான்கைந்தில் ஒன்று. முதல் உரிமையாளர், இரண்டாம் உரிமையாளர், இரண்டும் கட்டாயம். திறந்த குழுவா, மூடிய குழுவா. வெளியாட்கள் வருவார்களா, வந்தால் எந்த நிறுவனத்திலிருந்து. என்ன வகைத் தகவல் உள்ளே வரும். வேலை முடியும் தோராயத் தேதி. இதற்கு மேல் கேட்காதீர்கள். செலவு மையக் குறியீட்டைக் கேட்கும் படிவம் ஒன்றை நான் நிரப்பியிருக்கிறேன்; அந்தக் குறியீட்டை யாரும் எங்கும் பயன்படுத்தவில்லை.

படிவத்தின் தலையில் ஒரு வரி எழுதி வையுங்கள்: "ஏற்கெனவே உள்ள குழுவில் ஒரு புதிய சேனல் போதாதா?" என்று. குழு கேட்டு வருபவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் தேவைப்படுவது சேனல்தான், அதாவது ஒரு குழுவுக்குள் ஒரு தலைப்புக்கான தனிப் பகுதி. சேனல் தொடங்க இந்த ஒப்புதல் முறையே குறுக்கே வராது. அது குழுவின் உரிமையாளர் கையில் இருக்கிறது.

தமிழில் குழுப் பெயர் வைக்கும் நிறுவனங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 'கணக்குப் பிரிவு' என்று காட்சிப் பெயர் தமிழில் தாராளமாக இருக்கலாம். ஆனால் குழுவின் அஞ்சல் முகவரிக்கான புனைபெயர் தமிழ் எழுத்தை ஏற்காது. அடிப்படை ஆங்கில எழுத்தும் எண்ணும்தான், இடைவெளி கூடாது, 64 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஷேர்பாயிண்ட் தளத்தின் முகவரியும் வழக்கமாக அதிலிருந்தே பிறக்கிறது. நீங்கள் கேட்டு வாங்காவிட்டால், மென்பொருள் தன்போக்கில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்றைச் சூட்டிவிடும்; அதைப் பார்த்து எந்தக் குழு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 'ஆங்கிலச் சுருக்கப் பெயர்' என்று ஒரு பத்தி தனியாக வையுங்கள்.

பட்டியலின் மேம்பட்ட அமைப்புகளில், ஒவ்வொருவரும் தான் போட்ட விண்ணப்பத்தை மட்டுமே பார்க்கும்படி செய்யலாம். திருத்துவதில்தான் ஓர் ஓட்டை இருக்கிறது. தன் விண்ணப்பத்தைத் தானே திருத்தலாம் என்ற உரிமை இருந்தால், ஒப்புதலுக்கு அனுப்பியபின் 'வெளியாட்கள் இல்லை' என்பதை 'உண்டு' என மாற்றலாம். நிலை என்ற பத்தியில் தானே 'ஒப்புதல் ஆனது' என்றுகூடப் போட்டுக்கொள்ளலாம். அடைக்க இரண்டு வழிகள். புதிதாகச் சேர்க்க முடியும், திருத்த முடியாது என்று தனி அனுமதி நிலை ஒன்றை உருவாக்கிக் கொடுப்பது ஒன்று. ஃபிளோ, விண்ணப்பம் வந்த கணத்தில் இருந்த மதிப்புகளை மட்டுமே கடைசி வரை பயன்படுத்துவது மற்றொன்று. நான் இரண்டையும் செய்வேன். நிலைப் பத்தி பார்ப்பதற்கு மட்டும். அதை நம்பி ஃபிளோ எதையும் முடிவு செய்யக் கூடாது.

படி 4: பெயர் விதி

சுருக்கமாக முடித்துவிடலாம். என்ட்ராவில் முன்னொட்டு, பின்னொட்டு வைத்துப் பெயர் விதி அமைக்கலாம். இரண்டும் சேர்ந்து 53 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தடைசெய்யப்பட்ட சொற்கள் 5,000 வரை சேர்க்கலாம். 'சம்பளம்', 'தலைமை அலுவலகம்' போன்றவற்றை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க அது உதவும். முன்னொட்டில் ஊழியரின் துறைப் பெயர் தானாக வரும்படியும் செய்யலாம். அது கோப்பகத்திலிருந்து எடுக்கப்படுவது. அங்கே பாதிப் பேருக்குத் துறை காலியாக இருந்தால், மீதிப் பேருக்கு இரண்டு ஆண்டுக்கு முந்தைய துறை இருந்தால், அந்த வசதியைத் தொடாதீர்கள். ஃபிளோவே பெயரைக் கட்டட்டும்.

படி 5: ஃபிளோவைக் கட்டுதல்

பவர் ஆட்டோமேட்டில் சேவைக் கணக்கால் நுழைந்து, ஷேர்பாயிண்ட் பட்டியலில் புதிய வரி சேர்ந்ததும் தொடங்கும் டிரிகரைப் போடுங்கள். திருத்தினாலும் தொடங்கும் டிரிகரைப் போட வேண்டாம். ஃபிளோ நிலைப் பத்தியை மாற்றும்போது தன்னைத் தானே எழுப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும்.

முதல் வேலை, அதே புனைபெயரில் குழு உள்ளதா என்று தேடுவது. இருந்தால் அங்கேயே நிறுத்தி, விண்ணப்பித்தவருக்கு அந்தக் குழுவின் உரிமையாளர் பெயரோடு அஞ்சல் போக வேண்டும். "நிராகரிக்கப்பட்டது" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "இப்படி ஒரு குழு இருக்கிறது, இவரிடம் கேளுங்கள்" என்றால் அவருக்கு வேலை நடக்கும்.

பிறகு ஒரு நிபந்தனை: இரண்டாம் படியில் முடிவு செய்த அந்த நான்கு கேள்விகள். எல்லாம் பொருந்தினால் நேரே உருவாக்கத்துக்கு. இல்லையென்றால் ஒப்புதலுக்கு.

ஒப்புதலுக்கு 'ஸ்டார்ட் அண்ட் வெயிட் ஃபார் அன் அப்ரூவல்' என்ற செயலைச் சேருங்கள். வகை கேட்கும். எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்பது ஒன்று. முதலில் பதில் தருபவரின் முடிவே முடிவு என்பது மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, ஒப்புதல் தருபவரையும் மாற்று ஆளையும் ஒன்றாகக் குறிப்பிடுங்கள். யார் ஊரில் இருக்கிறாரோ அவர் அழுத்துவார். அவர்களுக்கு அஞ்சலிலும் டீம்ஸின் அப்ரூவல்ஸ் செயலியிலும் கோரிக்கை வரும். கோரிக்கையின் விவரப் பகுதியில் விண்ணப்பத்தின் சாரத்தை நான்கு வரிகளில் எழுதுங்கள்: யார், எதற்கு, எந்த வெளி நிறுவனம், என்ன தகவல். இணைப்பை மட்டும் வைத்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ஒப்புதல் விவரங்கள் டேட்டாவெர்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால், ஒரு பவர் ஆட்டோமேட் சூழலில் முதன்முறை ஓட்டும்போது சற்று நேரம் எடுக்கும். பயந்து ரத்து செய்துவிடாதீர்கள்.

இப்போது காலக்கெடு. பவர் ஆட்டோமேட்டில் ஓர் ஓட்டம் அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் யாரும் பதில் தராவிட்டால் ஓட்டம் காலாவதியாகிவிடும். விண்ணப்பித்தவருக்கு ஒரு வரி தகவல்கூடப் போகாது. இதைத் தவிர்க்க, ஒப்புதல் செயலின் அமைப்புகளில் நீங்களே ஒரு கெடு வையுங்கள். இரண்டு நாளுக்கு 'பி2டி' என்ற குறியீடு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும். அது கணக்கிடுவது நாட்காட்டி நாளை. வெள்ளி மாலை வந்த விண்ணப்பம் ஞாயிறு மாலையே கெடு தாண்டிவிடும் என்பதால் நான் நான்கு நாள் வைத்து, இரண்டாம் நாளில் ஒரு நினைவூட்டல் போகும்படி இணையாக ஒரு கிளை போடுவேன்.

கெடு தாண்டினால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த செயலின் அமைப்பில், முந்தையது கெடு தாண்டினால் மட்டும் இயங்கு என்று குறித்து, மேல்நிலை அதிகாரி ஒருவருக்குப் புதிய கோரிக்கை அனுப்புங்கள். ஒரு நுணுக்கம்: பழைய கோரிக்கை முதல் ஒப்புதலாளரின் பட்டியலில் அப்படியே நிற்கும். ஒரு வாரம் கழித்து அவர் அதை அழுத்தினாலும் ஃபிளோ கவனிக்காது. "நான் அன்றைக்கே கொடுத்துவிட்டேனே" என்று அவர் சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் பொய்யல்ல.

நிராகரித்தால் காரணம் எழுதுவது கட்டாயம் என்று ஒப்புதல் தருபவர்களிடம் பேசிவையுங்கள். அந்தக் குறிப்பு அப்படியே விண்ணப்பித்தவருக்குப் போகட்டும்.

ஒப்புதல் கிடைத்தால் உருவாக்கம். ஃபிளோவை டீம்ஸோடு பேச வைக்கும் டீம்ஸ் இணைப்பானிலேயே குழு உருவாக்கும் செயல் இருக்கிறது. பெயர், விளக்கம், திறந்ததா மூடியதா என்று கேட்கும். எளிமையான தேவைக்கு அது போதும். புனைபெயரை நீங்களே தீர்மானிப்பது, வகைக்கு ஏற்ற வார்ப்புரு என்று நுணுக்கம் வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட் 365-க்கு நிரல் வழியாகக் கட்டளையிடும் இடைமுகமான மைக்ரோசாஃப்ட் கிராஃப் வழியாகப் போக வேண்டும். பொதுவான எச்டிடிபி இணைப்பான் பிரீமியம் வகை; தனி உரிமம் கேட்கும். எந்த வழியானாலும், குழு உருவாக்கு என்று சொன்னவுடன் குழு பிறந்துவிடுவதில்லை. "ஏற்றுக்கொண்டேன்" என்ற பொருளில் 202 என்ற பதில் வரும். குழு பின்னால் உருவாகிக்கொண்டிருக்கும். உடனே உறுப்பினரைச் சேர்க்கப் போனால் பிழை வரும். ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து, குழு தயாரா என்று கேட்டு, தயார் என்ற பின்பே அடுத்ததற்குப் போகும்படி ஒரு சுழற்சி வையுங்கள்.

பிறகு இரண்டு உரிமையாளர்களையும் சேர்த்து, அதன்பின் சேவைக் கணக்கை நீக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. சேவைக் கணக்கு எல்லாக் குழுவிலும் உரிமையாளராக நிற்குமானால், அந்த ஒரு கடவுச்சொல்லே நிறுவனத்தின் சாவிக்கொத்து ஆகிவிடும்.

சேவைக் கணக்கில் இன்னொரு பொறியும் உண்டு. நிர்வாகிப் பொறுப்பு இல்லாத ஒரு கணக்கு உருவாக்கக்கூடியது 250 வரைதான். எல்லாக் குழுவையும் அதுவே உருவாக்குவதால் ஒருநாள் அந்த எல்லையில் முட்டி நிற்கும். பல மாதம் ஒழுங்காக ஓடிய ஃபிளோ ஏன் திடீரென்று நின்றது என்று யாருக்கும் புரியாது. குழு நிர்வாகி என்ற பொறுப்பை அந்தக் கணக்குக்குத் தருவது, அல்லது பதிவு செய்த ஒரு செயலியின் அடையாளத்தில் உருவாக்கத்தைச் செய்வது, இவற்றில் ஒன்றை முதலிலேயே செய்யுங்கள்.

கடைசியாக, யார் எப்போது என்ன காரணத்தோடு முடிவு செய்தார் என்பதைப் பட்டியலில் எழுதிவையுங்கள். ஃபிளோவின் ஓட்ட வரலாறு 28 நாள்தான் நிற்கும். ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் கேட்கும்போது காட்டுவதற்கு அந்தப் பட்டியல்தான் இருக்கும்.

படி 6: பின்வாசலை அடைத்தல்

வெளியாட்கள் இல்லை என்று சொல்லித் தானியங்கி ஒப்புதலில் உருவான குழு. மறுநாளே உரிமையாளர் ஒரு விருந்தினரைச் சேர்க்கிறார். நிறுவன அளவில் விருந்தினர் வசதி திறந்திருந்தால், அவரைத் தடுக்க எதுவும் இல்லை. நீங்கள் கட்டிய இரண்டு வழிகளும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. பல நிறுவனங்களின் ஒப்புதல் முறை இங்கேதான் பொத்தலாகிறது. படிவத்தில் கேட்ட கேள்வியின் பதிலை யாரும் குழுவின் மேல் பொருத்துவதில்லை.

குழு அளவிலேயே விருந்தினரைத் தடுக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. கிராஃப் வழியாக ஃபிளோவே அதைப் போட்டுவிடலாம். உணர்திறன் முத்திரை (தகவலின் ரகசிய அளவைக் குறித்து, அதற்கேற்ற கட்டுப்பாடுகளை விதிக்கும் குறி) பயன்படுத்தும் நிறுவனமென்றால் இன்னும் எளிது. 'உள்வட்டம்' என்று ஒரு முத்திரை வைத்து, அது ஒட்டிய குழுவில் விருந்தினர் கூடாது, மூடிய குழுவாகவே இருக்க வேண்டும் என்று விதித்துவிடலாம். பிறகு வெளியாள் தேவைப்பட்டால் அதே பட்டியலில் 'விருந்தினர் அனுமதி' என்று ஒரு விண்ணப்பம் போடட்டும். அது மனிதரிடம் போகும்.

படி 7: ஒரு துறையில் ஓட்டிப் பாருங்கள்

பேசத் தயங்காத ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் விடுங்கள். படிவத்தில் எந்தக் கேள்வியில் நிற்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 'என்ன வகைத் தகவல்' என்ற கேள்விக்கு நான் முதலில் வைத்த தேர்வுகள் 'பொது', 'உள்', 'ரகசியம்', 'மிக ரகசியம்'. எல்லோரும் 'ரகசியம்' என்றார்கள். தன் வேலை ரகசியமில்லை என்று யார் சொல்வார்? 'சம்பள விவரம் உண்டா', 'வாடிக்கையாளரின் தொலைபேசி எண் உண்டா' என்று மாற்றிய பிறகுதான் பதில்கள் நேரானது.

படி 8: பூட்டு

இப்போதுதான், எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான், பொதுவான உரிமையை எடுக்க வேண்டும். நான் முதன்முறை இதைத் தலைகீழாகச் செய்தேன். திங்கள் காலை பூட்டினேன். படிவம் வியாழக்கிழமைக்குத் தயாராகிவிடும் என்று கணக்கு. வியாழன் அன்று படிவம் தயாரானது. அதற்குள் மூன்று துறைகள் வாட்ஸ்அப்புக்குக் குடிபோய்விட்டன. அவற்றில் ஒன்றை என்னால் கடைசி வரை திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

செய்யும் முறை இது. என்ட்ராவில் ஒரு பாதுகாப்புக் குழுவை உருவாக்கி, குழு தொடங்க அனுமதி பெறுவோரை அதில் சேருங்கள். சேவைக் கணக்குக்கு நிர்வாகிப் பொறுப்பு தராவிட்டால் அதுவும் இதில் இருக்க வேண்டும். பிறகு பவர்ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து நிர்வகிக்கும் கருவி) மைக்ரோசாஃப்ட் கிராஃப் தொகுதி வழியாக, 'குரூப்.யூனிஃபைட்' என்ற கோப்பக அமைப்பில் இரண்டு மதிப்புகளை மாற்ற வேண்டும்: 'எனேபிள்குரூப்கிரியேஷன்' என்பதைப் பொய் என்றும், 'குரூப்கிரியேஷன்அலௌட்குரூப்ஐடி' என்பதில் அந்தப் பாதுகாப்புக் குழுவின் அடையாள எண்ணையும் இட வேண்டும். மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்தில் முழு நிரல்துண்டும் கிடைக்கும். குழுவின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். மாற்றம் நடைமுறைக்கு வர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பாதுகாப்புக் குழுவைத்தான் இப்படிக் குறிப்பிட முடியும். வேறு குழுக்களை அதற்குள் உறுப்பினராக அடுக்கலாம்.

இது டீம்ஸை மட்டும் பூட்டுவதில்லை. அவுட்லுக், ஷேர்பாயிண்ட், பிளானர், விவா என்கேஜ் என்று மைக்ரோசாஃப்ட் 365 குழுவை நம்பி இருக்கும் எல்லா இடங்களிலும் பொத்தான் மறைந்துவிடும். "என் பிளானரைக் காணோம்" என்று தொலைபேசி வரும். அறிவிப்பு அஞ்சலில் இவற்றின் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். உலகளாவிய நிர்வாகி, டீம்ஸ் நிர்வாகி, ஷேர்பாயிண்ட் நிர்வாகி போன்ற பொறுப்புகளில் உள்ளவர்களை இந்தப் பூட்டு கட்டுப்படுத்தாது. ஆகவே உங்கள் கணக்கில் சோதித்துவிட்டு "பூட்டவே இல்லையே" என்று திரும்பத் திரும்ப நிரலை ஓட்டாதீர்கள். சாதாரண ஊழியர் ஒருவரின் கணக்கில் பாருங்கள்.

படி 9: குழு பிறந்த பிறகு

காலாவதி விதியைப் போடுங்கள். 180 நாள், 365 நாள், அல்லது நீங்கள் சொல்லும் கணக்கு. நான் 365 வைப்பேன். காலம் முடிவதற்கு 30 நாள், 15 நாள், 1 நாள் முன்பாக உரிமையாளருக்கு அஞ்சல் போகும். புழக்கத்தில் இருக்கும் குழு தானாகவே புதுப்பிக்கப்படும். உரிமையாளர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. புதுப்பிக்கப்படாமல் அழிந்தாலும் 30 நாளுக்குள் மீட்கலாம். இந்த விதியிலேயே உரிமையாளர் இல்லாத குழுக்களுக்கான அஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு தனிநபர் முகவரியைப் போடாதீர்கள். ஐடி பிரிவின் பொது அஞ்சல் பெட்டியைப் போடுங்கள். முதல் படியில் ஒதுக்கி வைத்த பழைய குழுக்களில் பெரும்பகுதி இந்த விதியாலேயே ஓராண்டில் கழிந்துவிடும்.

தொடக்கத்தில் பாக்கி வைத்த சேவைக் கணக்குக் கதைக்கு வருகிறேன். ஓர் இடத்தில் ஃபிளோவைக் கட்டியவர் எங்கள் அணியிலேயே திறமையானவர். தன் சொந்தக் கணக்கில் கட்டியிருந்தார். அவர் வேறு வேலைக்குப் போனதும், விதிப்படி அவர் கணக்கு முடக்கப்பட்டது. ஷேர்பாயிண்டுக்கும் டீம்ஸுக்கும் அவர் பெயரில் இருந்த இணைப்புகள் அறுந்தன. விண்ணப்பங்கள் பட்டியலில் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன, யாரிடமும் போகவில்லை. பிழை அறிவிப்பு யாருக்குப் போயிற்று என்று பிறகு தேடினோம். முடக்கப்பட்ட அந்த அஞ்சல் பெட்டிக்குத்தான் போயிருந்தது. அன்றிலிருந்து, எந்த ஃபிளோவானாலும் சேவைக் கணக்கு ஓர் உரிமையாளர், உயிரோடு உலவும் ஆட்கள் இருவர் இணை உரிமையாளர்கள் என்று வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை 'சோதனை' என்ற பெயரில் நானே ஒரு விண்ணப்பம் போட்டு, அது யார் கைக்குப் போகிறது என்று பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் அந்தக் குழுவை மறக்காமல் அழித்துவிடுகிறேன்.